நின்ற காரில் ஓடும் ஏசி

நிறுத்திவைத்த காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு உறங்கியவர் காலையில் உயிரற்றுக் கிடந்தார் என்று செய்தி வரும்போதெல்லாம், ஏசியிலிருந்து விஷவாயு கசிந்துவிட்டது என்ற விளக்கமும் கூடவே வந்துவிடுகிறது. பழியை ஏசியின் தலையில் போட்டுவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறோம். ஆனால், மெக்கானிக்குகள் ‘கேஸ்’ என்று சொல்கிற, ஏசிக் குழாய்களுக்குள் சுற்றிவரும் குளிர்பொருள் அப்படி ஆளை அடித்துப்போடக்கூடியதன்று. 1990-களின் நடுப்பகுதி முதல் பெரும்பாலான கார்களில் நிரப்பப்பட்டு வந்த ஆர்-134ஏ என்னும் பொருளின் தூய வடிவம்தான், ஆஸ்துமா நோயாளிகள் வாயில் வைத்து உறிஞ்சும் இன்ஹேலர்களில் மருந்தை உந்தித் தள்ளவும் பயன்படுகிறது. ஒரு சிறிய காரின் ஏசியில் அது ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். அவ்வளவும் ஒரே மூச்சில் காருக்குள் கொட்டினாலும் சுமார் 120 லிட்டர் வாயுவாகத்தான் விரியும். உள்ளே இருக்கும் ஏறத்தாழ 3,000 லிட்டர் காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு.

கொல்வது எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு. பெயரை மாற்றிச் சொல்வதில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். கேஸ் கசிகிறது என்று நம்புகிறவர் ஏசியைச் சரிபார்க்கச் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்; காருக்கு அடியில் குனிந்து சைலன்சர் குழாயைப் பார்க்க மாட்டார். நின்ற காரில் ஏசி போடலாமா கூடாதா என்ற கேள்விக்கு விடை தேடுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: காரின் ஏசி, வண்டி ஓடிக்கொண்டிருக்கும் என்ற எண்ணத்தில் அமைக்கப்பட்ட கருவி. வண்டி நின்றுவிட்டால் அதற்குத் துணைநின்ற பலவும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கின்றன.

வீட்டு ஏசிக்கு மின்சாரம் வந்தால் போதும். பெட்ரோல், டீசல் கார்களின் ஏசிக்குத் தனி மோட்டார் கிடையாது. குளிர்பொருளை அழுத்திச் சுற்றவிடும், எஞ்சினோடு ஒரு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட கம்ப்ரசர்தான் அதன் இதயம். எஞ்சின் ஓடினால்தான் அது சுழலும். எஞ்சினை அணைக்காமல் வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்துவைத்து, உள்ளே ஒருவரை ஏசி பொத்தானை அழுத்தச் சொல்லிக் கேட்டால் எல்லாம் காதுக்குப் புலப்படும். முதலில் ‘டக்’ என்று ஓர் ஒலி: கம்ப்ரசரைப் பெல்ட்டோடு சேர்க்கவும் பிரிக்கவும் அதன் முனையிலுள்ள காந்தக் கிளட்ச் ஒட்டிக்கொள்கிறது. அந்த நொடியில் எஞ்சினின் குரல் சற்றே தாழ்கிறது, வண்டி லேசாக அதிர்கிறது. உடனே கணினி எரிபொருளைக் கூட்டி எஞ்சினைத் தூக்கிவிடுகிறது. நிமிடத்துக்கு 750 சுற்றில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் 850, 900 என்று ஏறிநிற்கும். அடுத்து முன்புற மின்விசிறி இரைச்சலோடு கிளம்புகிறது. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே பார்த்தால் தரையில் தெளிந்த நீர் சொட்டிக்கொண்டிருக்கும். அது உள்ளிருக்கும் காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது. நிறமும் பிசுபிசுப்பும் இல்லாதவரை அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அந்தக் காந்தக் கிளட்ச் எவ்வளவு பெரிய வசதி என்பது, அது இல்லாத காலத்தைப் பார்த்தால் தெரியும். அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் தன் 1940-ஆம் ஆண்டு மாடல் கார்களில், கேட்டவர்களுக்கு ஏசி பொருத்தித் தந்தது. குளிர்விக்கும் பகுதி பின்புற டிக்கியில் பாதியை அடைத்துக்கொண்டது. கம்ப்ரசரைத் தனியே நிறுத்த வழியில்லை. ஏசி வேண்டாம் என்றால் வண்டியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்றிவைக்க வேண்டும். ஓரிரு ஆண்டுகளில் அந்த வசதியையே நிறுவனம் கைவிட்டதில் வியப்பில்லை.

நின்ற காரில் முதலில் குறைவது கம்ப்ரசரின் வேகம். நெடுஞ்சாலையில் எஞ்சின் 2,000 சுற்றுக்கு மேல் ஓடும்போது கிடைக்கிற குளிர்ச்சி, 850 சுற்றில் கிடைக்காது. அதைவிடப் பெரிய இழப்பு காற்று. ஏசி குளிரை உண்டாக்குவதில்லை, உள்ளிருக்கும் வெப்பத்தை வாரிக் கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது. கொட்டும் இடம், காரின் முகப்பில், எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டன்சர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரின் முகப்பில் நொடிக்கு 16 மீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று மோதிக்கொண்டே இருக்கும்; அந்த வேலையை யாரும் கேட்காமலேயே சாலை செய்துகொடுக்கிறது. நின்றுவிட்டால் ஒரு மின்விசிறி, சில வண்டிகளில் இரண்டு, அவ்வளவுதான் மிச்சம். போதாததற்கு, ரேடியேட்டரைக் கடந்து பானெட்டுக்குள் சூடேறிய காற்று வண்டிக்கு அடியில் வழிந்து சுற்றிக்கொண்டு மீண்டும் முகப்புக்கே வந்து சேர்கிறது. விசிறி அந்தச் சூடான காற்றையே திரும்ப இழுக்கிறது. சுவரை முட்டிக்கொண்டு வண்டியை நிறுத்தியிருந்தால் இது இன்னும் மோசமாகும்.

கண்டன்சர் சூடேறச் சூடேற உள்ளே அழுத்தமும் ஏறும். ஆர்-134ஏ, 55 டிகிரி செல்சியஸில் திரவமாக மாறும்போது அதன் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 15 மடங்கு. அதே வேலை 70 டிகிரியில் நடக்க நேர்ந்தால் 21 மடங்கு. இந்த மேட்டைக் கம்ப்ரசர் ஏற வேண்டும், அதற்கான தெம்பை எஞ்சின் தர வேண்டும், எஞ்சினோ அரைத்தூக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. எல்லை மீறினால் அழுத்த சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். அப்போது துவாரத்தில் வருவது வெறுங்காற்று.

ஒரு நண்பகல் வேளையில், உறவினர் ஒருவருக்காக ஏசியைப் போட்டுக்கொண்டு காரில் காத்திருந்தபோது எனக்கு நேர்ந்ததும் இதுதான். ஓடும்போது ஜில்லென்று வந்த காற்று, நிறுத்திய பத்து நிமிடத்தில் வெதுவெதுப்பாகிவிட்டது. கேஸ் தீர்ந்திருக்கும் என்று எண்ணிப் பட்டறைக்குப் போனேன். அந்த மெக்கானிக் கருவி எதையும் மாட்டவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து, குவளையால் மொண்டு கண்டன்சர்மீது மெல்ல ஊற்றினார். சில நொடிகளில் உள்ளே காற்று குளிரத் தொடங்கியது. “கேஸ் எல்லாம் சரியாத்தான் இருக்கு சார், காத்துதான் பத்தல” என்று சொல்லிவிட்டு, இரண்டு விசிறிகளில் ஒன்று சுற்றாமல் நிற்பதைக் காட்டினார். ஓடினால் குளிர்ச்சி, நின்றால் சூடு என்றால் முதலில் விசிறியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதே விசிறி எஞ்சினையும் குளிர்விக்க வேண்டியதாகையால், அதைக் கவனிக்காமல் விட்டால் செலவு ஏசியோடு நிற்காது.

அடுத்தது எரிபொருள். அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தின் கணக்கில், 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் உள்ள ஒரு கச்சிதமான கார், எந்தச் சுமையும் இல்லாமல் சும்மா ஓடினாலே மணிக்குச் சுமார் 0.6 லிட்டர் எரிக்கிறது. ஏசியின் சுமை சேர்ந்தால் வெயிலையும் வண்டியையும் பொறுத்து 1 லிட்டருக்கு அருகில் போகும். பெரிய எஞ்சின் என்றால் அதையும் தாண்டும். 1 லிட்டர் பெட்ரோலில் அடங்கிய ஆற்றல் மின்சாரக் கணக்கில் 9 யூனிட்டுக்கும் மேல். ஒரு டன் வீட்டு ஏசி ஓர் அறையை ஒரு மணி நேரம் குளிர்விக்க ஏறத்தாழ 1 யூனிட் எடுத்துக்கொள்கிறது என்பதை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். மிச்சமெல்லாம் எங்கே போகிறது? ரேடியேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெப்பமாக வெளியேறி, நாம் நிற்கும் அதே இடத்தைச் சூடாக்குகிறது. நான்கு பேர் உட்காரும் பெட்டியைக் குளிரவைக்கத் தெருவைச் சூடேற்றுகிறோம் என்று சொன்னால் அது மிகையாகாது. கூடவே, எரிந்த ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. எஞ்சினை அணைத்து மீண்டும் கிளப்பினால்தான் அதிக பெட்ரோல் செலவாகும் என்ற பழைய நம்பிக்கை எஞ்சினுக்குப் பெட்ரோலைக் காற்றோடு கலந்துகொடுத்த கார்புரேட்டர் காலத்து மிச்சம். 10 நொடிக்கு மேல் நிற்க நேர்ந்தால் அணைப்பதே சிக்கனம் என்பதையும் அதே ஆய்வகம் அளந்து காட்டியிருக்கிறது.

எஞ்சினுக்குக் கேடு வருமா என்றால், நல்ல நிலையிலுள்ள வண்டி அரைமணி நேரம் இப்படி நிற்பதால் ஒன்றும் ஆகிவிடாது. நாள்தோறும் மணிக்கணக்கில் நிறுத்தி ஓட்டுவதுதான் உறுத்தும். மெதுவாக ஓடும் எஞ்சினில் ஆயில் அழுத்தம் குறைவு, எரிப்பும் அரைகுறை, கரி படிகிறது. புகைக் கரியை வடிகட்டி, அதைத் தானே எரித்துத் தள்ளும் வடிகட்டி பொருத்திய டீசல் வண்டிகளில் இந்தப் பிரச்சினை கூர்மையாகத் தெரியும். எரிப்பதற்கு வேண்டிய வெப்பம் நின்றபடி ஓடும்போது கிடைக்காமல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஓடோமீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூடக் கூடாததால், ஆயில் மாற்றும் கணக்கிலும் இந்த மணிநேரங்கள் வருவதே இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு ஏசி பொத்தானை மட்டும் போட்டுவைப்பவர்களும் உண்டு. கம்ப்ரசர் சுழலாததால் குளிர்ச்சி வராது; உள்விசிறி பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும், திரும்பி வரும்போது வண்டி கிளம்பாது.

இனி அந்தப் புகைக்கு வருவோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையோ தொண்டையையோ அது உறுத்துவதுமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்வதைப் போல் 200 மடங்குக்கும் மேலான இறுக்கத்தோடு இதைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்த இடத்தில் ஆக்சிஜன் ஏற முடிவதில்லை. தூய காற்றுக்கு வந்த பிறகும் இரத்தத்தில் ஏறியது பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் தூய ஆக்சிஜன் கொடுத்தால் அது ஒன்றரை மணி நேர அளவுக்குச் சுருங்கும். தொடக்கத்தில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு. பயண அலுப்பு, பித்தம், வெறும் வயிறு என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக்கொள்ளும் அறிகுறிகள்தாம் இவை. விழித்திருப்பவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினால் பிழைத்தார். உறங்குகிறவருக்கு அந்த எச்சரிக்கைகூடக் கிடைப்பதில்லை, உறக்கத்திலிருந்தே மயக்கத்துக்குப் போய்விடுகிறார்.

இன்றைய கார்களின் புகைக் குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இந்த வாயுவின் பெரும்பங்கைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றிவிடுகிறது என்பது உண்மை. ஆனால் அது வேலை செய்ய ஏறத்தாழ 250, 300 டிகிரி சூடேறியிருக்க வேண்டும். வண்டியைக் கிளப்பிய முதல் நிமிடங்களில் அது வெறும் குழாய்தான். பழுதுபட்டிருந்தாலும், யாரேனும் கழற்றி எடுத்திருந்தாலும், எஞ்சின் சரியாக எரிக்காமல் திணறினாலும் அதை நம்ப முடியாது. மூடிய கராஜுக்குள் இன்னொரு சுழலும் சேர்ந்துகொள்கிறது: எஞ்சின், தான் விட்ட புகையையே மீண்டும் உள்ளிழுப்பதால் ஆக்சிஜன் குறைந்து, எரிப்பு அரைகுறையாகி, கார்பன் மோனாக்சைடு மேலும் பெருகும். ஷட்டரைப் பாதி தூக்கிவைத்தால் போதும் என்பதும் தப்புக்கணக்கே. அடித்தள வாகன நிறுத்தம், மூன்று பக்கமும் சுவர் சூழ்ந்த சந்து, பனி மூடிய இடத்தில் சைலன்சர் முனை புதைந்து நிற்பது ஆகியவற்றையும் இந்தக் கணக்கில்தான் வைக்க வேண்டும்.

திறந்தவெளியில் நின்றாலும் புகை உள்ளே வர வழிகள் உண்டு. சைலன்சர் குழாயின் இணைப்புகள் துருப்பிடித்து விட்டிருந்தால், பின்முனைக்குப் போக வேண்டிய புகை இருக்கைகளுக்கு நேர் கீழேயே கசியும். ஓடும் வண்டியில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும், நின்ற வண்டியில் அது அடியிலேயே தேங்கும். தளத்திலுள்ள ரப்பர் அடைப்புகளும் டிக்கிக் கதவின் ஓர ரப்பரும் தேய்ந்திருந்தால் அங்கிருந்து மேலே ஏறும். கசிவைக் கண்டுபிடிக்கப் பட்டறைகளில் ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள்: குளிர்ந்திருக்கும் எஞ்சினைக் கிளப்பி, தடித்த துணியால் சைலன்சர் முனையை ஒரு கணம் பாதி அடைப்பார்கள்; இடையில் எங்கேனும் ஓட்டையிருந்தால் அங்கே ‘புஸ்’ என்று சத்தம் கிளம்பும். ஏசிக்கு வெளிக்காற்றை இழுக்கும் வாய், முன்கண்ணாடிக்குக் கீழே, பானெட்டின் விளிம்பில் இருக்கிறது. காற்று பின்னாலிருந்து வீசினால் நம் புகையே அங்கு வந்து சேரலாம். முன்னால் நிற்கும் லாரியின் புகை நேராகவே வரும்.

அப்படியானால் உள்காற்றையே சுழலவிடும் பொத்தானை அழுத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். சீக்கிரம் குளிரும் என்பது உண்மைதான், ஏற்கெனவே குளிர்ந்த காற்றையே மீண்டும் குளிர்விப்பதால் எஞ்சினுக்கும் சுமை குறைவு. ஆனால், சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை மூச்சில் விடுகிறார். நான்கு பேர் பத்து நிமிடம் விட்டால் 12 லிட்டர். 3,000 லிட்டர் காற்றில் அது பத்து லட்சத்துக்கு 4,000 பங்கு. வெளிக்காற்றில் இருப்பது 400-க்குச் சற்று மேல். கார் முழுக்க இறுக மூடிய பெட்டியன்று, கொஞ்சம் கசிந்து வெளியேறும். இருந்தாலும் கண் சொக்குவதற்கும் தலை கனப்பதற்கும் இது போதும். அதோடு, வெளிக்காற்று இழுக்கப்படும்போது உள்ளே அழுத்தம் சற்றே கூடி, சந்துகளின் வழியாகக் காற்று வெளியே தள்ளப்படும். பொத்தானை அழுத்தியதும் அந்த மெல்லிய தடுப்பும் போய்விடுகிறது. அடியில் தேங்கிய புகை மெல்ல ஏறினால் எதிர்த்துத் தள்ள ஒன்றுமில்லை. சுற்றிலும் நல்ல காற்றுள்ள இடத்தில் வெளிக்காற்று வழியைத் திறந்து வைப்பதும், கண்ணாடிகளை ஓரங்குலம் இறக்கி வைப்பதும் இதனால்தான் சொல்லப்படுகின்றன. குளிர்ச்சி கொஞ்சம் குறையும். குறையட்டும்.

எஞ்சின் ஓட ஓட இரவெல்லாம் உறங்குவதை எந்த ஏற்பாட்டோடும் நான் ஏற்க மாட்டேன். புகை ஒருபுறம் இருக்க, ஓட்டுநர் இருக்கையைச் சாய்த்து உறங்குகிறவரின் கால் நழுவி ஆக்சிலரேட்டரில் பதிந்துவிட்டால், எஞ்சின் அலறிக்கொண்டு உச்ச வேகத்தில் நெடுநேரம் ஓடும். சைலன்சர் பழுக்கக் காய்ந்து வண்டி தீப்பற்றுவது இப்படித்தான். காய்ந்த புல்மேல் நிறுத்தியிருந்தால் கால் நழுவக்கூட வேண்டாம், கன்வெர்ட்டரின் சூடே போதுமானது.

குழந்தையை உள்ளே விட்டு, ஏசியை ஓடவிட்டு, ‘இதோ வந்துவிடுகிறேன்’ என்று இறங்குகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் தீர்ந்தாலோ, எஞ்சின் நின்றாலோ, அழுத்த சுவிட்ச் கம்ப்ரசரை வெட்டினாலோ, அந்தப் பெட்டி அடுப்பாக மாற நேரமாகாது. 2005-இல் பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், மூடிய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது, அதில் 80 விழுக்காடு முதல் அரைமணி நேரத்திலேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்ததால் பெரிய மாற்றம் எதுவும் ஏற்படவில்லை. மேலே நான் சொன்ன ஓரங்குலம் புகைக்கான முன்னெச்சரிக்கை, வெப்பத்துக்கு அது உதவாது.

ஏறியவுடன் ஏசி போட்டால் டேஷ்போர்டிலிருந்து பென்சீன் வந்து புற்றுநோய் உண்டாகும் என்று ஆண்டுக்கணக்கில் சுற்றிவரும் செய்திக்கு ஆதாரமில்லை. அதில் சொல்லப்படும் அறிவுரையை மட்டும் பின்பற்றலாம்: வெயிலில் நின்ற காரில் ஏறியதும் கண்ணாடிகளை இறக்கிக் கொஞ்ச தூரம் ஓட்டினால், உள்ளே அடைந்த அனல் ஒரே மூச்சில் வெளியேறும். அந்த அனலை நின்றபடி ஏசியால் இறக்குவதைவிட அது விரைவானது, எரிபொருளும் மிச்சம்.

காத்திருக்க வேண்டிய கட்டாயத்தில், திறந்தவெளியில், விழித்திருக்கும் பெரியவர் ஒருவர், வெப்பமானியின் முள்ளையோ எச்சரிக்கை விளக்கையோ பார்த்தபடி ஏசியைப் போட்டுக்கொள்வதில் தவறு காண மாட்டேன். உடலுக்கு முடியாதவர்கள் உடனிருக்கும்போது அது தேவையும்கூட. ஆயினும் அந்த உரிமைக்குப் பல ஊர்களில் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. ஹாங்காங்கில் 2011 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ள சட்டம், ஒரு மணி நேரத்துக்குள் மொத்தம் 3 நிமிடத்துக்கு மேல் நின்றபடி எஞ்சினை ஓடவிடுவதைத் தடுக்கிறது. ஜெர்மனியின் சாலை விதிகளும் தேவையின்றி எஞ்சினை ஓடவிடக் கூடாது என்கின்றன.

எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார்களில் கதை சற்று மாறுகிறது. 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ், பெல்ட்டைக் கைவிட்டு மின்சாரத்தால் சுழலும் கம்ப்ரசரைக் கொண்டுவந்தது. எஞ்சின் ஓடாமலேயே ஏசி ஓடும். ஆனால் பேட்டரி இறங்கியதும் எஞ்சின் யாரையும் கேட்காமல் தானே கிளம்பும். சத்தமே இல்லையே என்று மூடிய கராஜில் ஏசியோடு உறங்குகிறவர், எஞ்சின் கிளம்புவதை அறியாமலேயே இருந்துவிடலாம். அந்த அமைதிதான் ஹைபிரிட்டை இந்த ஒரு விஷயத்தில் கூடுதல் ஆபத்தாக்குகிறது.

முழு மின்சாரக் காரில் புகையில்லை, பெல்ட்டில்லை, அரைத்தூக்க எஞ்சினும் இல்லை. கண்டன்சருக்கு விசிறி மட்டும் வேண்டும். உள்ளே ஒருமுறை குளிர்ந்துவிட்டால், அதைத் தக்கவைக்க மணிக்கு 1 முதல் 1.5 யூனிட் வரை போதும்; 50 யூனிட் பேட்டரியில் அது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு. டெஸ்லா நிறுவனம் 2019-இல், வளர்ப்பு நாயை உள்ளே விட்டுச் செல்பவர்களுக்கென்றே தன் கார்களில் ஓர் ஏற்பாட்டைச் சேர்த்தது. ஏசி ஓடிக்கொண்டேயிருக்கும், நாய் வெந்துகொண்டிருக்கிறது என்று எண்ணி வழிப்போக்கர் எவரும் கண்ணாடியை உடைத்துவிடாதபடி, உரிமையாளர் விரைவில் வந்துவிடுவார் என்ற தகவலும் உள்ளே இத்தனை டிகிரி என்ற எண்ணும் நடுத்திரையில் பெரிதாக ஒளிரும்.